செட்டிகுளத்துப் பாறையும் தேடப்படாத உலோகமும்

வவுனியாவைச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கருங்கல் ஒன்றை நீட்டினார். செட்டிகுளத்தில் வயல் உழுகையில் அகப்பட்டதாம். காந்தம் அதில் ஒட்டியது. "எங்கள் ஊரில் இரும்புச் சுரங்கம் உண்டா?" என்று கேட்டார். செய்தியாளனுக்கு எல்லாம் தெரியும் என்பது எம்மவரின் நம்பிக்கை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் பின்னரே புவிச்சரிதவியல் நூல்களைத் தேடிப் படிக்கலானேன்.

செட்டிகுளத்தின் அடித்தளப் பாறை, அறிவியலாளர் 'வன்னித் தொகுதி' எனக் குறிக்கும் பாறை வகையைச் சேர்ந்தது. 1990களின் தொடக்கத்தில் சூட்டப்பட்ட பெயர் இது. ஏறத்தாழ 77 முதல் 110 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட இப்பாறைகள் பின்னர் பெருவெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. எங்கள் வன்னியின் பெயர் உலகப் பாறையியலில் இடம்பெற்றிருப்பதை எம்மவரில் எத்தனை பேர் அறிவர்?

இத்தகைய பாறைகளில் காந்தத்தில் ஒட்டும் மக்னரைற்றுத் துணிக்கைகள் சாதாரணமாகவே காணப்படும். ஆகவே ஆசிரியரின் கல் சுரங்கத்துக்குச் சான்றாகாது. ஆனாலும் அவரது கேள்வி வீண் கேள்வியன்று. இதே வன்னித் தொகுதியின் தென்மேற்கே, சிலாபத்துக்கு அண்மையிலுள்ள பனிரெந்தாவையில், மண்ணின் கீழ் மறைந்திருந்த மக்னரைற்றுப் படிவத்தை விமானத்திற் கொண்டு சென்ற காந்தமானி காட்டிக்கொடுத்தது. துளையிட்டுப் பார்த்தபோது சுமார் 56 இலட்சம் தொன் என மதிப்பிட்டனர். மேலே நின்று பார்ப்பவனுக்கு எதுவுமே தெரிந்திராது.

கிழக்கே, உயர்நிலத் தொகுதியும் விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையில், திருகோணமலை மாவட்டத்துச் சேருவிலவில் 1971இல் செம்பும் மக்னரைற்றும் கலந்த படிவம் கண்டறியப்பட்டது. அதுவும் பெருஞ்சுரங்கமாகவில்லை. 2006இல் யுத்தம் மீண்டும் மூண்ட மாவிலாறு அதே பகுதியிலேயே உள்ளது.

இலங்கையில் கனிமத் தேடல் முறையாகத் தொடங்கியது 1903இல். அதற்குத் தலைமை தாங்கியவர் ஆனந்த குமாரசுவாமி. கலை விமர்சகராகவே நாம் போற்றும் அவர், 1904இல் தோரியனைற்று என்னும் புதிய கனிமத்தை இனங்காணக் காரணமானவர். சுத்தியலும் பையுமாகக் காடு மேடெல்லாம் நடந்த மனிதர்.

பனிரெந்தாவையைப் போல் கண்ணுக்குத் தெரியாமற் கிடப்பதைக் காண நடையும் வேண்டும், கருவியும் வேண்டும். யுத்த காலத்தில் வன்னியிற் சுத்தியலுடன் நடக்க எவரால் முடிந்தது? யுத்தம் முடிந்த 2009இல் செட்டிகுளத்து மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குள் அடைக்கப்பட்டனர். முகாம் 2012இலேயே மூடப்பட்டது. அக்காலத்தில் வன்னி மண்ணில் உலோகத்தைத் தேடி ஒலியெழுப்பிய கருவிகள் கண்ணிவெடி அகற்றுவோருடையவை.

ஆசிரியரின் கல் இன்றும் என் மேசையில் இருக்கிறது. காகிதங்கள் பறக்காமல் அதைத்தான் வைக்கிறேன்.