பேராதனையின் பெரிய ஆலும் பூச்சாடியின் சின்ன ஆலும்



பேராதனைப் பூங்காவுக்குப் பாடசாலைச் சுற்றுலா போனவர்கள் அந்த மரத்தைப் பார்த்திருப்பீர்கள். பெரிய புல்வெளியில் குடை விரித்தது போல் பரந்து நிற்கும் ஜாவா ஆல். ஒரு வகுப்பு முழுவதும் அதன் நிழலில் நிற்கலாம். தாவரவியலில் அதன் பெயர் பைகஸ் பெஞ்சமினா. இப்போது டவுன் கடைகளில் பீங்கான் சாடியில் 'இன்டோர் பிளான்ட்' என்று விற்கிறார்களே, மெல்லிய இலைகள் தொங்கியபடி, அதுவும் அதே மரம்தான்.

பொன்சாய் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்டிருந்தீர்கள். கேட்டவர்களில் பாதிப்பேருக்கு ஒரே முறைப்பாடு: ஆயிரக்கணக்கில் காசு கொடுத்து வாங்கி ஹோலில் வைத்தோம், ஒரு மாதத்துக்குள் இலையெல்லாம் கொட்டிவிட்டது, நமக்கு இது சரிவராது. சரிவராதது மரமா, வைத்த இடமா என்று பார்க்க வேண்டும். அதற்கு இந்த மரம் எப்படி வீட்டுக்குள் வந்தது என்ற கதை தெரிய வேண்டும்.

முதலில் பெயர். பொன்சாயில் உள்ள 'பொன்'னுக்கும் தங்கத்துக்கும் சம்பந்தமில்லை (விலையைக் கேட்டால் அப்படித் தெரியாது). 'பென்சாய்' என்ற சீனச் சொல்லை ஜப்பானியர் உச்சரிக்கும் விதம் அது. தட்டில் நட்டது என்று பொருள். சீனாவில் தாங் வம்ச இளவரசர் ஜாங்ஹுவாய் என்பவரின் கல்லறை இருக்கிறது. 706ஆம் ஆண்டைச் சேர்ந்த அந்தக் கல்லறையின் சுவரோவியத்தில், சிறு கற்களும் சின்னச் செடிகளும் வைத்த தட்டை ஒரு பணியாள் ஏந்தி நிற்கிறார். 1,300 வருடங்களுக்கு முன்பே இது அரண்மனைப் பழக்கம்.

அங்கிருந்து ஜப்பானுக்குப் போனது. 1309ஆம் ஆண்டின் ஜப்பானிய ஓவியச் சுருள் ஒன்றில் தட்டில் வளர்த்த மரங்கள் தெளிவாக வரையப்பட்டுள்ளன. ஜப்பானியர் தங்கள் நாட்டு மரங்களை எடுத்தார்கள்: பைன், ஜூனிப்பர், மேப்பிள். கம்பி சுற்றிக் கிளையை வளைக்கும் வேலையைப் பெரிய கலையாக்கினார்கள். 1923இல் டோக்கியோவை நிலநடுக்கம் அழித்தபோது, பொன்சாய் வளர்ப்போர் பலர் நகரை விட்டு ஒமியா என்ற இடத்துக்குப் போனார்கள். 1925இல் அங்கே ஒரு பொன்சாய் கிராமமே உருவானது. இன்றும் இருக்கிறது. உலகம் படிக்கும் பொன்சாய் நூல்களில் பெரும்பாலானவை இந்த ஜப்பானிய மரபில் வந்தவை. அதாவது பைன் மரத்தை மனதில் வைத்து எழுதியவை.

அந்த மரங்களுக்குக் கடும் குளிர்காலம் வேண்டும். குளிரில் உறங்கி, வசந்தத்தில் எழும்ப வேண்டும். அவற்றை வருடம் முழுக்க வெளியில்தான் வைக்க முடியும். 1878 பாரிஸ் கண்காட்சியில் பொன்சாய் பார்த்த ஐரோப்பியர் ஆசைப்பட்டு வாங்கினார்கள். வாங்கி அலங்காரப் பொருள் போல் அறைக்குள் வைத்தால் பைன் செத்துப்போகும். அறைக்குள் உயிரோடு இருக்கக்கூடிய வேறு மரம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.

வெப்ப நாட்டு மரங்கள் அங்கே போய்ச் சேர வழி திறந்தவர் ஒரு வைத்தியர். லண்டனைச் சேர்ந்த நத்தானியல் வார்ட். மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஒரு பன்னம் தானாக முளைத்து வளர்வதை 1829இல் கவனித்தார். மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் செடி தன் ஈரத்தைத் தானே சுற்றிப் பயன்படுத்தும் என்று விளங்கியது. 1833இல் அத்தகைய பெட்டிகளில் லண்டனிலிருந்து சிட்னி வரை கப்பலில் செடிகள் அனுப்பிக் காட்டினார். 1876இல் நமது நாட்டுக்கு இறப்பர் கன்றுகள் வந்ததும் வார்ட் பெட்டிகளில்தான்: 38 பெட்டிகள், 1,919 கன்றுகள். எதிர்த் திசையில், நம்மைப் போன்ற நாடுகளின் மரங்கள் ஐரோப்பிய வீடுகளுக்குப் போயின. அவற்றில் ஆல் இனத்து மரங்கள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. வெளியே பனி கொட்டினாலும் சூடேற்றிய அறைக்குள் அவற்றுக்கு உறக்கம் தேவையில்லை, குறைந்த வெளிச்சத்தையும் ஓரளவு பொறுக்கும்.

'இன்டோர் பைகஸ்' என்ற பெயரின் பிறப்பு இதுதான். பனிக்குப் பயந்து உள்ளே வைத்த மரம். இத்தாலியில் மிலான் அருகே பராபியாகோ என்ற ஊரில், 1991இல் தொடங்கிய கிரெஸ்பி பொன்சாய் நூதனசாலை இருக்கிறது. அதன் மணிமுடி, சீனாவிலிருந்து வந்த ஒரு பைகஸ். ஆயிரம் வயதுக்கு மேல் என்று அங்கே சொல்கிறார்கள். அதைக் கண்ணாடிக் கூடத்துக்குள் வைத்திருப்பது அந்த ஊர்க் குளிருக்காக. நமது ஊரில் என்ன குளிர்?

கடைகளில் இன்னொரு வகையும் பார்த்திருப்பீர்கள். கிழங்கு போல் வீங்கிய வேர் வெளியில் தெரிய, மேலே சின்னத் தழை. 'ஜின்செங் பைகஸ்' என்பார்கள். சீனாவின் ஃபூஜியன் மாகாணத்தில் தோட்டம் தோட்டமாக வளர்த்து உலகமெங்கும் அனுப்புகிறார்கள். அந்த மாகாணத் தலைநகர் ஃபூஜோவுக்கு 'ஆல நகரம்' என்றே பட்டப்பெயர். 11ஆம் நூற்றாண்டில் ஜாங் போயு என்ற ஆளுநர், வீட்டுக்கு வீடு இந்த மரத்தை நடச் செய்தார். பிறகு கோடையில்கூட அங்கே குடை தேவைப்படவில்லை என்பது பழைய பதிவு.

இந்த மரம் பைகஸ் மைக்ரோகார்ப்பா. தமிழில் இத்தி, கல்லிச்சி. சிங்களத்தில் பனு நுக. ஆம், நமது நாட்டிலும் இயற்கையாக வளரும் மரம். பழைய மதில், கிணற்றுக் கட்டு, மாடி நீர்க்குழாய் ஓரம் என்று பறவை எச்சத்தில் முளைக்கிறதே, நாம் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொல்லப் பார்க்கிற அந்த ஆலினக் கன்றுகளுக்குள் இதுவும் உண்டு. இன்னொரு உறவையும் சொல்ல வேண்டும். பைகஸ் என்றால் லத்தீனில் அத்தி. அத்தீன் சூராவில் வரும் தீன் பழமும் இதே குடும்பத்து மரத்தில் காய்ப்பதுதான்.

இனி வெட்டும் கலைக்கு வருவோம். எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த இடம் தென் சீனாவின் குவாங்ஜோ. ஜப்பானை விட வெப்பமான ஊர், மரங்கள் வேகமாக வளரும். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே லிங்னான் என்ற மரபு உருவானது. சூ ரென் என்ற துறவியும் கொங் தாய்ச்சூ என்பவரும் அதன் முன்னோடிகள். அவர்கள் கம்பியை ஒதுக்கிக் கத்தரியை எடுத்தார்கள். ஒரு கிளையை வெட்டாமல் ஓடவிடுவது. அது போதுமான தடிப்புக்கு வந்ததும் கட்டையாக வெட்டுவது. வெட்டிய இடத்துக்குக் கீழிருந்து புதுத் தளிர் வேறு திசையில் கிளம்பும். அதையும் ஓடவிட்டுத் தடித்ததும் வெட்டுவது. ஒவ்வொரு துண்டும் முந்தியதை விடக் கொஞ்சம் கட்டையாக, கொஞ்சம் மெல்லிதாக அமையும். பத்துப் பதினைந்து வருடத்தில், காற்றடித்து முறுகிய கிழட்டு மரத்தின் கிளை கிடைக்கும்.

நமது சூட்டுக்குப் பொருத்தமான முறை இதுதான் என்பது என் எண்ணம். இங்கே பைகஸில் கம்பி சுற்றினால் சில வாரங்களிலேயே பட்டைக்குள் புதைந்து தழும்பாகிவிடும். கத்தரிக்கு அந்த ஆபத்து இல்லை.

மரத்தைக் குள்ளமாக்குவது வதை என்று சொல்பவர்கள் உண்டு. ஆரம்ப காலப் பொன்சாய்கள் பல, மலைப்பாறை இடுக்கில் இயற்கையே குள்ளமாக்கி வைத்திருந்த மரங்கள். மதிலில் இருக்கும் இத்தியும் வருடக்கணக்கில் சாண் உயரத்தில் நிற்பதைப் பார்க்கலாம். நிலத்தில் இறக்கி நட்டால் இரண்டும் பெரிய மரமாகும். வதை என்றால், இருட்டு ஹோலில் ஏசிக்கு முன்னால் வைத்துக் கொல்வதைத்தான் நான் சொல்வேன்.

ஆகவே சாடியை விறாந்தைக்குக் கொண்டுவாருங்கள். காலை வெயில் விழும் இடம் போதும். ஒரேயடியாகக் கடும் வெயிலில் வைக்காமல் சில வாரங்களில் படிப்படியாக நகர்த்துங்கள். இடம் மாறினால் பைகஸ் இலை கொட்டும், அதுவும் பெஞ்சமினா நிறையக் கொட்டும். பயந்துபோய்த் தண்ணீரைக் கூட்டினால் வேர் அழுகும். மேல் மண் காய்ந்த பிறகு மட்டும் நன்றாக ஊற்றுங்கள். மணல், ஓட்டுச் சல்லி, கொஞ்சம் தும்புத்தூள் கலந்த மண் தண்ணீரைத் தேக்காது.

தளிர் ஆறேழு இலை விட்டதும் இரண்டு மூன்று இலையை விட்டு மிச்சத்தை வெட்டுங்கள். இத்தியை இலையே இல்லாமல் வெட்டினாலும் பட்டையிலிருந்து துளிர்க்கும். பெஞ்சமினாவில் அப்படிச் செய்தால் கிளையே பட்டுப்போகலாம். அதில் எப்போதும் இலை விட்டு வெட்ட வேண்டும். வெட்டியதும் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றிவிடுங்கள், தானே காய்ந்து காயத்தை மூடும். தோலிலும் கண்ணிலும் படவேண்டாம், பிள்ளைகள் கிட்ட நின்றால் கவனம். இத்தி இலை இரண்டாக மடிந்து ஊதாப் புள்ளி விழுந்தால் உள்ளே கறுப்புப் பூச்சி இருக்கும். அந்த இலைகளைக் கிள்ளி எரித்துவிடலாம். இரண்டு வருடத்துக்கொருமுறை, மரம் நன்றாகத் துளிர்க்கும் காலத்தில், சாடியிலிருந்து எடுத்து வேரில் மூன்றிலொரு பங்கை வெட்டி மண் மாற்ற வேண்டும். வெட்டிய வேர் ஊறிக்கிடக்காமல் கொஞ்ச நாள் தாழ்வாரத்தில் வையுங்கள்.

சாடிக்குக் கீழே தட்டு வைப்பவர்கள் அதில் தண்ணீர் நிற்க விடாதீர்கள். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் பொன்சாய் தட்டுக்கும் பொருந்தும், பி.எச்.ஐ. வந்தால் அழகு பார்க்க மாட்டார்.

காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை என்பவர்கள் மதிலைப் பாருங்கள். மழை பெய்து சுவர் ஊறியிருக்கும்போது, வெடிப்பைச் சற்றுக் கெல்லி, சல்லிவேர் அறாமல் எடுத்தால் பிழைக்கும். மதிலுக்கும் நல்லது. எங்கள் பாடசாலையின் பின்மதிலில் பென்சில் தடிப்பில் ஒன்று நிற்கிறது. மாரி தொடங்கியதும் தரம் 8 பிள்ளைகளோடு அதை எடுத்துச் சாடியில் வைக்க இருக்கிறோம்.