விசிறியை விட்டுப்பிடித்த எண்ணெய்: விஸ்கஸ் கிளட்சின் வரலாறு

தொடக்க காலக் கார்களில் ரேடியேட்டர் விசிறிக்குத் தனிப் போக்கு கிடையாது. கிராங்க் தண்டிலிருந்து வரும் பெல்ட் இழுத்த இழுப்புக்கு அது சுற்றியது. நெரிசலில் கார் ஊர்ந்து செல்லும்போதுதான் விசிறிக் காற்று அதிகம் தேவை. அப்போது எஞ்சினோடு விசிறியும் மந்தமாகிவிடும். நெடுஞ்சாலையில் எதிர்க்காற்றே ரேடியேட்டருக்குப் போதும். அங்கேதான் விசிறி பேயாய்ச் சுழலும். அது உறிஞ்சும் திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்வது: வேகம் 2 மடங்கானால் திறன் இழப்பு 8 மடங்கு. 1950-களின் அமெரிக்கக் கார்களில் எஞ்சின் பெருத்தது, ஏசியும் சேர்ந்தது. விசிறி பெரிதாக, இரைச்சலும் கூடியது.

விசிறியைத் தேவைக்கேற்ப வழுக்கவிட வேண்டும். உலர் உராய்வுக் கிளட்ச் ஓயாமல் வழுக்கினால் தேய்ந்துபோகும். எண்ணெயை இடையில் வைத்தாலோ, கனிம எண்ணெய் சூட்டில் நீர்த்து, பிடிப்பு வேண்டிய நேரத்தில் கைவிரிக்கும். ஆகவே விஸ்கஸ் கிளட்சின் தொடக்கத்தைப் பட்டறையில் அல்ல, வேதியியல் கூடத்தில் தேடுவதே பொருத்தம். நாட்டிங்காமில் சிலிக்கன் சேர்மங்களை ஆராய்ந்த ஃபிரெடெரிக் கிப்பிங்குக்கு, ஆய்வில் மிஞ்சிய பிசுபிசுப்பான பொருள்கள் தொல்லையாகவே பட்டன. 1937-இல்கூட அத்துறையின் எதிர்காலத்தில் அவர் பெரிய நம்பிக்கை காட்டவில்லை. 1943-இல், போர்க்கால விமானத் தேவைகளின் நடுவே, டவ் கார்னிங் நிறுவனம் தோன்றி, சிலிக்கோன்கள் எனப்படும் அவ்வகைப் பொருள்களைத் தொழிற்பொருளாக்கியது. வெப்பம் ஏறினாலும் சிலிக்கோன் எண்ணெயின் பாகுநிலை அதிகம் தளர்வதில்லை.

ஈட்டன், ஸ்விட்ஸர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் விசிறிக் கிளட்சில் இதைப் பயன்படுத்திக்கொண்டன. முதல் வகையில் எண்ணெயின் அளவு மாறாது. குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் விசிறி வழுக்கத் தொடங்கும், அவ்வளவே. 1960-களில் பரவிய வெப்பமறியும் வகையே உண்மையான முன்னேற்றம். எஞ்சினோடு சுற்றும் தட்டிலும், விசிறியைத் தாங்கும் உறையிலும் வட்ட வட்டமான வரிப்பள்ளங்கள் ஒன்றுக்குள் ஒன்று உரசாமல் பொருந்தியிருக்கும். அந்த மெல்லிய இடைவெளியில் எண்ணெய் நிறைந்தால் தட்டின் சுழற்சி உறைக்குக் கடத்தப்படும். எண்ணெயின் இருப்பிடம் முன்புறத் தனி அறை. ரேடியேட்டரைக் கடந்து வரும் காற்று ஏறத்தாழ 70 – 80 டிகிரி செல்சியஸை எட்டும்போது, முகப்பிலுள்ள ஈருலோகச் சுருள் முறுகி வால்வைத் திறக்கும். மையவிலக்கு விசை எண்ணெயைப் பள்ளங்களுக்குத் தள்ளும். விளிம்பிலுள்ள சிறு தடுப்பு எண்ணெயை வழித்து அறைக்குத் திருப்பிக்கொண்டே இருப்பதால், வால்வு மூடியதும் பள்ளங்கள் வறண்டு விசிறி தளர்ந்துவிடும். முழுப் பிடிப்பிலும் சிறிது வழுக்கல் உண்டு. அந்த இழப்பு வெப்பமாகி உறையின் துடுப்புகள் வழியே வெளியேறும். எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் பள்ளங்களுக்குள் வடிந்துவிடுவதால், காலையில் கிளப்பியதும் விசிறி சற்றுநேரம் உறுமும். பழுதென்று எண்ணி நல்ல கிளட்சைக் கழற்றுவோரும் உண்டு.

எஞ்சின் குறுக்குவாட்டில் அமைந்த முன்சக்கர இயக்கக் கார்களில் கிராங்க் தண்டு ரேடியேட்டரை நோக்கி இல்லை. மின்விசிறி அங்கே இயல்பாக நுழைந்தது. கனரக லாரிகளில் மட்டும் கதை வேறு. அவற்றின் விசிறி முழுவேகத்தில் சில பத்துக் கிலோவாட் கேட்கும்; சில கிலோவாட் தரும் ஆல்டர்னேட்டரால் அதைத் தாங்க முடியாது. எனவே கிளட்ச் அங்கே நிலைத்தது. பல புதிய லாரிகளில் ஈருலோகச் சுருளின் இடத்தில் மின்காந்த வால்வு வந்திருக்கிறது. காற்று சூடாகும்வரை காத்திராமல், எஞ்சினின் கணினி அதைத் திறந்துவிடுகிறது.