விமானத்துல வந்த களைக்கொல்லி

நம்ம கும்பகோணம் பக்கம் வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்கிறவங்க முதல்ல காத்து எந்தப் பக்கம் வீசுதுன்னு பாப்பாங்க. பக்கத்து வயல்ல பட்டா பஞ்சாயத்துதான். அதே கிளைபோசேட்டை 2006-ல மட்டும் ஒன்றரை லட்சம் ஹெக்டேருக்கு மேல விமானத்துலேர்ந்து தெளிச்ச நாடு கொலம்பியா.

2000 ஜூலையில அமெரிக்க அதிபர் கிளிண்டன் 130 கோடி டாலர் உதவிக்குக் கையெழுத்துப் போட்டார். பேரு 'பிளான் கொலம்பியா'. பெரும்பகுதி ராணுவத்துக்கும் போலீசுக்கும், குறிப்பா ஹெலிகாப்டருக்கு. கோகா இலையிலேர்ந்துதான் கொக்கெய்ன் (சாக்லேட் கோகோ வேற சாமி!). அந்த வியாபாரத்துல வரி வசூலிச்சுதான் ஃபார்க் கெரில்லாக்கள் துப்பாக்கி வாங்கினாங்க. செடி செத்தா கெரில்லாவும் காலி, இதான் கணக்கு.

புட்டுமாயோ பக்கத்து விவசாயி ஏன் கோகா போட்டார்? ரோடு கிடையாது. வாழையும் மரவள்ளியும் சந்தைக்குப் போறதுக்குள்ள அழுகிடும். கோகாவை வயலோரக் கொட்டகையிலயே பசையாக்கி ஒரு பையில கட்டிடலாம், வாங்குறவன் வீடு தேடி வருவான். இங்க நெல் கொள்முதல் நிலையம் திறக்க ஒரு வாரம் லேட்டானாலே ரோட்டோரம் குவிச்ச நெல்லு மழையில முளைச்சுடுது. நிலையமும் இல்ல, ரோடும் இல்லன்னா நாம என்ன பயிர் வெச்சிருப்போம்?

மருந்துக்குக் கோகா எது, வாழை எதுன்னு தெரியாது. சோத்துக்கு வெச்சதும் கருகிச்சு. அரசாங்கத்தை விமானமா மட்டும் பாத்தவன் யார் பக்கம் சாய்வான்? எல்லை தாண்டியும் மருந்து வருதுன்னு ஈக்வடார் 2008-ல சர்வதேச நீதிமன்றம் போச்சு. 2013-ல கொலம்பியா 1.5 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டு சமாதானமாச்சு.

பலனே இல்லைன்னு சொல்ல மாட்டேன். 2002-லேர்ந்து அந்த உதவியைக் கெரில்லாக்களுக்கு எதிராவும் பயன்படுத்த அமெரிக்கா அனுமதிச்சுது. ஃபார்க் பலவீனமாகி 2016-ல சமாதானத்துல கையெழுத்துப் போட்டுது. ஆனா அது ராணுவம் செஞ்ச வேலை, மருந்து செஞ்சதில்ல. புட்டுமாயோவுல குறைஞ்ச கோகா நரீன்யோவுல முளைச்சுது. ஐ.நா. கணக்குப்படி 2000-ல 1,63,000 ஹெக்டேர், 2013-ல 48,000. 2015-ல புற்றுநோய் பயத்தால தெளிப்பை நிறுத்தினாங்க. 2022-ல 2,30,000! நிறுத்தினதுதான் காரணம்னு வாதாடுறவங்க உண்டு.

எனக்கு உறுத்துறது வேற. 2016 ஒப்பந்தத்தை நம்பி சுமார் ஒரு லட்சம் குடும்பங்கள் கோகாவை விட்டுடறோம்னு பதிவு செஞ்சாங்க. செடியைத் தாங்களே பிடுங்கினாங்க. உதவித்தொகை தவணை இழுத்துக்கிட்டே போச்சு. மாற்றுப்பயிர்த் திட்டம் பல குடும்பங்களுக்கு வருஷக்கணக்கா வந்து சேரல. ரோடும் அப்படித்தான்.