மலைநாட்டில் மறைந்த செய்திகள் – 14: பேராதனைப் பூங்காவும் பூட்டிய குரலும்

சென்ற இதழில், 1815ஆம் ஆண்டுக்கு முன்னர் கண்டி அரண்மனையில் நடப்பனவற்றை ஜோன் டொய்லி என்ற ஆங்கில உத்தியோகஸ்தர் பிக்குகளிடமிருந்தும் வியாபாரிகளிடமிருந்தும் ஓலை நறுக்குகளிலிருந்தும் திரட்டித் தம் தினக்குறிப்பில் நாள்தோறும் பதிந்துவந்த வரலாற்றைக் கண்டோம். அக்காலத்தில் செய்தியைச் சுமந்தவன் மனிதன். கணவாயில் காவலிருந்து அவனைப் பிடித்தால் செய்தியும் பிடிபட்டுவிடும். ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டுகள் கழித்து அதே மலைகளுக்கு நடுவே ஒரு மகா யுத்தத்தின் தலைமைப் பாசறை வந்து அமர்ந்தபோது, செய்தியைச் சுமக்கும் தொழில் கம்பிக்கும் வானலைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அதைக் கேட்க விரும்பும் பகைவன் மலையேறி வரவேண்டிய அவசியமே இல்லாமற் போயிற்று.

1943இன் இறுதியில் தில்லியில் இயங்கத் தொடங்கிய நேச நாடுகளின் தென்கிழக்காசியத் தலைமையகம், பிரதம சேனாதிபதியான லூயிஸ் மவுண்ட்பேட்டன் பிரபுவின் விருப்பப்படி 1944 ஏப்ரலில் கண்டிக்குப் பெயர்ந்தது. மகாவலி கங்கை மூன்று புறமும் வளைந்தோட, 147 ஏக்கரில் விரிந்து கிடக்கும் பேராதனைத் தாவரவியற் பூங்கா, 1821இல் அலெக்சாண்டர் மூன் தொடங்கிவைத்த நாள்முதல் செடிகொடிகளின் சாஸ்திரத்துக்கே உரித்தாயிருந்த அந்தச் சாந்தமான இடம், பர்மாவிலும் மலாயாவிலும் நடக்கவேண்டிய போர்களுக்குத் திட்டம் தீட்டும் ஸ்தானமாயிற்று. மவுண்ட்பேட்டன் பிரபு கண்டி நகரிலிருந்த கிங்ஸ் பவிலியன் மாளிகையில் வசித்தார். அமெரிக்க ஒற்றர் ஸ்தாபனம் அருகேயிருந்த தேயிலைத் தோட்டமொன்றில் ஓலைக் கொட்டகைகளை அமைத்துக்கொண்டது; பிற்காலத்தில் சமையற்கலையால் உலகப் புகழ் எய்திய ஜூலியா சைல்ட், அந்நாளில் மக்வில்லியம்ஸ் என்ற குடும்பப் பெயருடன், அங்கே இரகசியப் பத்திரங்களின் பதிவகத்தைப் பொறுப்பேற்று நடத்தினார்.

இத்தகைய தலைமையகத்துக்கு எழுத்தைக் காப்பதில் பெரிய சங்கடம் இருக்கவில்லை. தந்தியை டைப்பெக்ஸ் யந்திரத்தில் இட்டு மறைமொழியாக்கி அனுப்ப இயன்றது. பகைவனின் மறைமொழியை உடைக்கும் வித்தையும் அருகிலேயே, கொழும்பிலிருந்த ஆண்டர்சன் நிலையத்தில், ஜப்பானியக் கடற்படைச் செய்திகளைக் கேட்டுப் பிரித்தவர்களின் கையில் இருந்தது. தாங்கள் பிறரிடம் செய்வதைப் பிறர் தங்களிடம் செய்வார்கள் என்பதை அவர்களைக் காட்டிலும் நன்கறிந்தவர் யார்? ஆனால் சேனாதிபதிகளுக்குத் தந்தி மட்டும் போதாது. அவசரமான ஒரு தீர்மானத்துக்கு எதிராளியின் குரலைக் கேட்டு, அவர் தயங்குகிறாரா, உறுதியாக நிற்கிறாரா என்று அறிந்து, அந்தக் கணமே மறுமொழி சொல்லவேண்டியிருக்கும். அந்தக் குரலை எப்படிப் பூட்டுவது?

முதலில் வந்த பூட்டு மிக எளியது. தொலைபேசிக் கம்பி ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களையே சுமக்கும். அந்த எல்லைக்குள் மேல்ஸ்தாயியைக் கீழாகவும் கீழ்ஸ்தாயியை மேலாகவும் புரட்டிவிட்டால் வழியில் கேட்பவனுக்கு வாத்தின் கத்தல்போல் ஒலிக்கும். சற்றே பழகிய காதுக்கோ சொற்கள் துலங்கத் தொடங்கிவிடும். அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ரூஸ்வெல்ட்டும் சர்ச்சிலும் பேசிய வானொலித் தொலைபேசியில் இதனினும் சிக்கலான ஏ-3 என்ற கருவி இருந்தது. அது குரலை ஐந்து துண்டுகளாக்கி, இடம் மாற்றிப் புரட்டி அனுப்பியது. ஹாலந்துக் கடற்கரையில் நூர்த்வைக் என்னும் ஊரருகே ஜேர்மன் தபால் இலாகா நிறுவிய நிலையத்தில் கூர்ட் வெட்டர்லைன் என்ற பொறியியலாளரும் அவருடைய சகாக்களும் அதை அவிழ்த்துவிட்டார்கள். 1943 ஜூலை 29ஆம் தேதி, முசோலினியின் வீழ்ச்சியைத் தொடர்ந்து இவ்விரு தலைவர்களும் நிகழ்த்திய சம்பாஷணை ஜேர்மனியர் கையில் எழுத்தாகவே போய்ச் சேர்ந்தது.

இதற்குப் பரிகாரம் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் அதற்கு முன்பே தயாராகிக்கொண்டிருந்தது. நாதஸ்வரத்தை எண்ணிப் பாருங்கள்: சீவாளி நாதத்தைப் பிறப்பிக்கிறது, குழலும் அணைசும் அந்த நாதத்துக்கு வடிவம் கொடுக்கின்றன. மனிதன் பேசுவதும் இப்படியே. குரல்வளையில் பிறக்கும் ஓசைக்கு வாயும் நாவும் வடிவம் தருகின்றன. வாய் ஓசையைப்போல் ஆயிரக்கணக்கான தடவை அதிராமல் மெதுவாகவே அசைகிறது. ஆகையால் குரல் முழுவதையும் அனுப்பவேண்டியதில்லை, அந்த மெல்லிய அசைவுகளை அளந்து அனுப்பினால் மறுமுனையில் பேச்சை மீண்டும் கட்டியெழுப்பலாம் என்று கண்டவர் ஹோமர் டட்லி. அவருடைய வோகோடர் தத்துவத்தின்மேல் எழுந்ததுதான் சிக்சாலி. அது குரலைப் பன்னிரண்டு வாய்க்கால்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் விநாடிக்கு 50 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 0 முதல் 5 வரையிலான ஓர் எண்ணாக்கியது. அந்த எண்ணுடன், எவ்வித ஒழுங்குமற்ற இரைச்சலைப் பதித்த கிராமபோன் தட்டிலிருந்து வரும் வேறோர் எண் கூட்டப்பட்டது. குரலின் எண் 4, தட்டின் எண் 5 என்றால் கூட்டுத்தொகை 9. ஆறுக்கு மிஞ்சியதால் ஆறைக் கழித்து 3 என்று அனுப்புவார்கள். வழியில் கேட்பவனுக்கு அந்த 3 எதையும் சொல்லாது. மறுமுனையில் அதே தட்டு அதே கணத்தில் சுழன்றுகொண்டிருக்கும். 5ஐக் கழித்து ஆறைக் கூட்டினால் 4 திரும்பக் கிடைக்கும். ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டே பிரதிகள். ஒரு தடவை பயன்பட்டதும் இரண்டும் அழிக்கப்படும்.

ஒரு முனையின் யந்திரத்தொகுதி மட்டும் 40 அடுக்குச் சட்டங்களில் நிறைந்து ஏறத்தாழ 55 டன் எடையுடன் நின்றது. லண்டனில் அதை வைக்கச் செல்ஃப்ரிட்ஜஸ் என்ற பெரிய கடையின் நிலவறை தேவைப்பட்டது. 1943 ஜூலை 15ஆம் தேதி வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் இடையே சேவை ஆரம்பமாயிற்று. பின்னர் அல்ஜியர்ஸ், பிரிஸ்பேன், பாரிஸ், மணிலா என்று நீண்ட அந்த நிலையங்களின் பட்டியலில் கண்டியின் பெயர் இல்லை. பேராதனையின் பரம இரகசியங்கள் பெரும்பாலும் எழுத்தாகவே பயணம் செய்யவேண்டியிருந்தன.

சிக்சாலியைப் பிரிட்டன் சார்பில் 1943 தொடக்கத்தில் பரிசோதித்தவர் ஆலன் டூரிங். நாடு திரும்பிய அவர், ஹான்ஸ்லோப் பார்க்கில் டொனால்ட் பெய்லி என்ற இளம் பொறியியலாளரின் துணையுடன், ஒரு மேசைமேல் வைக்கத்தக்க டிலைலா என்ற கருவியை உருவாக்கினார். சர்ச்சிலின் ஒலிப்பதிவொன்றை அதில் இட்டு, அது இரைச்சலாகிப் போய் மீண்டும் பேச்சாகித் திரும்பியதைக் காட்டினார். ஓலைக் கொட்டகையிலிருந்து போர் நடத்திய கண்டி போன்ற ஒரு தலைமையகத்துக்குத் தேவைப்பட்டது இத்தகைய கருவியே. ஆனால் அது நிறைவுற்ற வேளையில் யுத்தமே முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. 1945 நவம்பரில் தலைமையகமும் சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

இவ்வரலாற்றில் தலையாய சாதனை எது என்று என்னைக் கேட்டால், குரலைச் சுருக்கக் கற்றதே என்பேன். பூட்டு அதற்குப் பின்னர்தான். குரலை அப்படியே எண்ணாக்கினால் விநாடிக்கு 64,000 துணுக்குகள் (பிட்கள்) வேண்டும். சாதாரணத் தொலைபேசிக் கம்பியிலோ நெடுங்காலம் 2,400 துணுக்குகளே நம்பிக்கையாகச் சென்றன. இந்த இடைவெளியை அடைத்தவர்களில் ஒருவர் கான்பூரில் பிறந்து, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விரிவுரையாளராயிருந்து, 1961இல் பெல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த பிஷ்ணு அடல். கடந்த சில அளவுகளைக் கொண்டு அடுத்த அளவை ஊகித்துக்கொள்ளும் முறையை அவரும் மான்ஃப்ரெட் ஷ்ரோடரும் 1960களின் பிற்பகுதியில் வகுத்தார்கள். ஜப்பானில் இதாக்குராவும் சாயித்தோவும் தனித்தே அதே கரையை எய்தினார்கள். அந்த முறையின் வலிமையால் 1987இல் அமெரிக்க அரசாங்கம் எஸ்.டி.யு.-3 என்ற மேசைத் தொலைபேசியைக் கொண்டுவந்தது; சுவரிலுள்ள சாதாரண இணைப்பில் அதைச் செருகி, சாவியைத் திருப்பி, ஒரு பொத்தானை அழுத்தினால், 55 டன் யந்திரம் செய்த வேலையை அந்தச் சிறு பெட்டி செய்தது.

இன்று பேராதனைப் பூங்காவில் அரசப் பனைகளின் நிழலில் நின்று கனடாவிலுள்ள மகளுடன் கைத்தொலைபேசியில் பேசும் தாயின் குரல், மவுண்ட்பேட்டன் பிரபுவுக்கு அதே இடத்தில் கிட்டாத காவலுடன் கடல் கடந்து போகிறது. ஆனால் அப்பாசறையில் தொலைபேசி இணைப்பகத்திலோ, தந்தி அலுவலகத்திலோ, சமையற்கட்டிலோ உழைத்த நம்மவரின் பெயர்களைச் சேனாதிபதிகளின் நூல்களில் நான் தேடியும் கண்டேனில்லை. கண்டியிலோ, கட்டுகஸ்தோட்டையிலோ, கம்பளையிலோ, சுற்றியுள்ள தோட்டங்களிலோ உங்கள் பாட்டனாரோ பாட்டியாரோ 1944, 45ஆம் ஆண்டுகளில் அங்கே வேலை பார்த்திருந்தால், வீட்டில் ஒரு கடிதமோ புகைப்படமோ சம்பளச் சீட்டோ எஞ்சியிருந்தால், அன்புகூர்ந்து அதைப் பத்திரப்படுத்தி, அவர்களுடைய பெயரையும் செய்த வேலையையும் ஒரு தாளில் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பிவையுங்கள்.