பெயரை விட்டுச் சென்ற கப்பல்

போர்க்கப்பல் என்றதுமே கதை எழுதுகிறவனுக்கு ராஜேந்திர சோழனின் நாவாய்கள்தாம் நினைவுக்கு வரும். நானும் அந்த வர்க்கம்தான். ஆனால் இப்போது சொல்லப்போவது எந்தக் காவியத்திலும் ஏறாத ஒரு சிறு ரோந்துக் கப்பலின் சரித்திரம்.

ஏம்பலத்து நெல்வயல்களுக்கு நடுவே இருப்பவனுக்குக் கடற்படையைப் பற்றி என்ன கவலை என்று கேட்கலாம். விளைந்த வயலுக்குக் காவல் வேண்டும் என்பதை எங்கள் ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடலும் விளைநிலம்தானே!

கல்கத்தாவின் கார்டன் ரீச் கப்பல் தளத்தில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் நான்கு ரோந்துக் கப்பல்கள் உருவாயின. டிரிங்கட், திலாஞ்சாங், தராசா, தர்முக்லி என்று அந்தமான் நிக்கோபார் தீவுகளின் பெயர்களையே அவற்றுக்குச் சூட்டினார்கள். நீளம் 46 மீட்டர். எடை 260 டன். பெரிய போர்க்கப்பலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் யானைக்குப் பக்கத்தில் ஆட்டுக்குட்டிதான். ஆனால் காவல்காரனுக்கு உடற்பருமனா முக்கியம்? திருடனைத் துரத்த ஓட்டம் வேண்டும். இரவெல்லாம் சுற்றிவர நிதானம் வேண்டும். இரண்டு டீசல் எஞ்சின்களும் முழு மூச்சாக ஓடினால் மணிக்குச் சுமார் 30 கடல் மைல் வேகம். 12 மைல் வேகத்தில் நிதானமாகப் போனால் 2,000 கடல் மைல் வரை செல்லலாம். முன்தளத்தில் ஒரே ஒரு 30 மில்லிமீட்டர் பீரங்கி. முப்பத்து சொச்சம் மாலுமிகள்.

இவற்றுள் தர்முக்லிக்கு விசித்திரமான விதி வாய்த்தது. 2005-இல் பாரத அரசு அதை செஷல்ஸ் நாட்டுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டது. அங்கே அதன் பெயர் 'டோபாஸ்' ஆயிற்று.

செஷல்ஸ் நமக்கு முற்றிலும் அந்நியமல்ல. 1770-இல் பிரெஞ்சுக்காரர்கள் அங்கே முதன்முதலாகக் குடியேறியபோது உடன் சென்றவர்களில் ஐந்து பேர் இந்தியர்கள். அதன் தலைநகர் விக்டோரியாவில் 1992 முதல் நவசக்தி விநாயகர் கோயில் கொண்டிருக்கிறார். நிலப்பரப்போ 455 சதுர கிலோமீட்டர். காரைக்கால், மாகே, ஏனாம் மூன்றையும் சேர்த்த நம் புதுச்சேரிப் பிரதேசத்தைவிடச் சற்றே சிறியது. ஆனால் அது காக்கவேண்டிய கடல் ஏறக்குறைய 13 லட்சம் சதுர கிலோமீட்டர்! சோமாலியக் கொள்ளையர்கள் அந்தக் கடலில்தான் வந்து புகுந்தார்கள்.

2010 மார்ச் இறுதியில் கொள்ளையர் ஓர் ஈரானியப் படகையும், 'கலாத்தே' என்ற செஷல்ஸ் மீன்பிடிப் படகையும் பிடித்தனர். பிணைக் கைதிகள் 27 பேர்: 21 ஈரானியர், 6 செஷல்ஸ்காரர். சோமாலியக் கரையை அடைந்துவிட்டால் மீட்பது அரிது. டோபாஸ் துரத்தியது, வழிமறித்தது, சுட்டது. படகில் தீப்பற்ற, அதிலிருந்தவர்கள் கடலில் குதித்தார்கள். 27 பேரும் உயிரோடு மீண்டனர். திரும்பும் வழியில் வேறொரு கொள்ளைக் கூட்டம் தாக்கியது. அவர்களுடைய தாய்ப் படகும் ஒரு விசைப்படகும் கடலடி சேர்ந்தன.

சில ஆண்டுகளே உழைத்த கப்பலைத் தானம் செய்வது விவேகமா? நம் கரைகளுக்குக் காவல் போதாதா என்ற கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கொள்ளைக்காரன் எல்லைக்கல் பார்த்து நிற்பதில்லை. பக்கத்து வயலைக் காக்கிறவன் நம் வயலுக்கும் பாதிக் காவல்.

2016-இல் தர்முக்லி என்ற பெயரில் வேறொரு கப்பல் விசாகப்பட்டினத்தில் நம் கடற்படையில் சேர்ந்தது. அதையும் கட்டியது கார்டன் ரீச் தளமே. போன கப்பல் பெயரை மட்டும் நம்மிடம் விட்டுச் சென்றிருந்தது. 27 குடும்பங்களுக்கோ, அது வீட்டு விளக்கையே காப்பாற்றிக் கொடுத்தது.