நோயா, மருந்தா? முடக்குவாதமும் நிணநீர்ப் புற்றுநோயும்: ஓர் ஐயத்தின் வரலாறு

1960களின் இறுதியில் பின்லாந்தில் இரண்டு பதிவேடுகள் தனித்தனியே எழுதப்பட்டு வந்தன. ஒன்று, நாட்பட்ட நோயாளர்களுக்கு விலையின்றி மருந்து வழங்கிய சமூகக் காப்பீட்டு நிறுவனத்தினுடையது. முடக்குவாதம், அதாவது ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடையவர்கள் என மருத்துவச் சான்று பெற்றோரின் விவரங்கள் அதில் இருந்தன. மற்றொன்று, 1953 முதல் நாடு முழுவதும் கண்டறியப்பட்ட புற்றுநோய்களைக் குறித்து வந்த தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தனர் ஹெய்க்கி இசோமாக்கியும் அவருடைய உடனாய்வாளர்களும். முடக்குவாத நோயாளர் 46,101 பேர். காலம் 1967 முதல் 1973 வரை. 1978இல் வெளியான அவர்களின் கட்டுரை, அந்நோயாளர்களிடையே நிணநீர்ப் புற்றுநோயான லிம்ஃபோமா, இரத்தப் புற்றுநோய், மைலோமா ஆகியவை எதிர்பார்த்ததைவிட மிகுதியாகக் காணப்பட்டதை எடுத்துரைத்தது. மூட்டுகளைத் தாக்கும் ஒரு நோய்க்கும் நிணநீர் அணுக்களில் தோன்றும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு என்ற வினா, அதன்பின் மருத்துவ உலகைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

ஸ்வீடனிலும் இதையொத்த முடிவே கிட்டியது. உப்சாலா பகுதியின் மருத்துவமனைப் பதிவுகளிலிருந்து திரட்டப்பட்ட 11,683 முடக்குவாத நோயாளர்களைப் பற்றிய ஆய்வு 1993இல் வெளிவந்தது. அவர்களிடையே ஹாட்ஜ்கின் வகை சாராத லிம்ஃபோமா பொதுமக்களிடம் காணப்படுவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. குடல், இரைப்பைப் புற்றுநோய்களோ குறைவாக இருந்தன. நெடுங்காலம் உட்கொண்ட வலி நீக்கி மாத்திரைகள் அதற்குக் காரணமாகலாம் எனக் கருதப்பட்டது.

'இரு மடங்கு' என்ற சொல்லை அளவோடு புரிந்துகொள்ள வேண்டும். பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு இருவருக்கு வரும் நோய் எனக் கொண்டால், இரு மடங்கு என்பது நால்வர். எஞ்சிய 9,996 பேருக்கு அந்த ஆண்டில் அது வருவதில்லை. எனினும் அந்தக் கூடுதல் இருவருக்கு நோய் ஏன் வந்தது என்பதற்கு விடை தேவைப்பட்டது.

ஐயம் முதலில் மருந்துகளின் மீது விழுந்தது. அது இயல்பே. நோயெதிர்ப்பு ஆற்றலை அடக்கும் மருந்துகள், புற்றணுக்களைக் களையும் உடலின் காவலையும் தளர்த்திவிடக் கூடும் அல்லவா? உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டோரிடம் லிம்ஃபோமா மிகுந்திருந்ததும் இந்த ஐயத்துக்கு வலுச் சேர்த்தது. முடக்குவாதத்துக்கு வழங்கப்பட்ட அசாதயோபிரின் மீதான ஐயத்துக்குச் சில ஆய்வுகளில் ஆதரவும் கிடைத்தது.

மெத்தோட்ரெக்சேட்டின் மீது விழுந்த ஐயத்துக்கோ அதன் பிறப்பும் ஒரு காரணம். அது புற்றுநோய் மருந்தாகவே அறிமுகமானது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லி ஆய்வகத்தில் உருவான ஃபோலிக் அமில எதிர்ப்பிகளின் வழிவந்தது அது. அவ்வகையைச் சேர்ந்த அமினோப்டெரின் என்ற மருந்தைக் கொண்டே, 1948இல் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். அதே அமினோப்டெரின் மூட்டு வீக்கத்தையும் குறைப்பதை 1951இல் ரிச்சர்ட் குப்னர் கண்டார். ஆயினும் வாரம் ஒரு முறை குறைந்த அளவில் உட்கொள்ளும் மெத்தோட்ரெக்சேட், முடக்குவாதத்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1993இல் அமெரிக்க மருத்துவர்கள் இரு நோயாளர்களைப் பற்றி எழுதினர். மெத்தோட்ரெக்சேட் உட்கொண்டிருந்தபோது, எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொடர்புடைய லிம்ஃபோமா அவர்களுக்குத் தோன்றியது. மருந்தை நிறுத்தியதும் அது மறைந்தது. பின்னாளில் ஜப்பானிலிருந்தும் இத்தகைய அறிக்கைகள் பல வந்தன. ஆக, மருந்து முற்றிலும் குற்றமற்றது என்று எவரும் சொல்ல இயலாது.

ஆனால் காலக்கணக்கு ஒரு முக்கியமான செய்தியைச் சொல்கிறது. பின்லாந்து ஆய்வு எடுத்துக்கொண்ட ஆண்டுகள் 1973உடன் முடிகின்றன. மெத்தோட்ரெக்சேட் முடக்குவாதத்தின் முதன்மை மருந்தானது அதற்கு வெகுகாலம் பின்னரே. மருந்து பரவுமுன்பே மிகுதி இருந்தது என்றால், அதற்கு வேறொரு வேர் இருந்தாக வேண்டும்.

அந்த வேரைக் காண்பதில் ஒரு தடை இருந்தது. நோய் கடுமையானவர்களுக்கே வலிய மருந்துகள் தரப்படுகின்றன. அவர்களுக்கு லிம்ஃபோமா வந்தால் காரணம் நோயின் கடுமையா, மருந்தின் வலிமையா? அடைமழையில் குடையோடு வந்தவர் நனைந்திருப்பதைக் கண்டு, குடைதான் அவரை நனைத்தது என்று முடிவு கட்டிவிடும் பிழை இங்கே எளிதில் நேரும்.

இந்த முடிச்சை அவிழ்க்க முனைந்தவர் உப்சாலாவின் ஏவா பெக்லுண்ட். அவர் பழைய மருத்துவக் குறிப்பேடுகளை நாடினார். வீங்கிய மூட்டுகள், இரத்தப் படிவு வேகம் முதலான குறிப்புகளைக் கொண்டு, ஒவ்வொரு நோயாளரின் உடலிலும் அழற்சி எத்தனை ஆண்டுகள், எவ்வளவு கடுமையாக நீடித்தது என்பதை மதிப்பிட்டார். 1998இல் வந்த முதல் ஆய்வில் லிம்ஃபோமா நோயாளர் 41 பேர் மட்டுமே. 2006இல் வெளியான பெரிய ஆய்வு, 74,651 முடக்குவாத நோயாளர்களிடையே லிம்ஃபோமா கண்ட 378 பேரை, அது வராத 378 பேரோடு ஒப்பிட்டது. குறைந்த அழற்சியோடு வாழ்ந்தவர்களை நோக்க, இடைநிலையினருக்கு ஆபத்து ஏறத்தாழ 8 மடங்கு. மிகக் கடும் அழற்சியோடு வாழ்ந்தவர்களுக்கு ஏறத்தாழ 70 மடங்கு. அக்காலத்தில் வழக்கிலிருந்த மருந்துகள் ஆபத்தைக் கூட்டியதாகத் தெரியவில்லை.

இதற்குப் பொருத்தமான ஒரு விளக்கமும் உண்டு. முடக்குவாதத்தில் பி வகை நிணநீர் அணுக்கள் ஓய்வின்றித் தூண்டப்பட்டுப் பெருகுகின்றன. அணு பிரியும் ஒவ்வொரு முறையும் மரபுப் பொருளில் பிழை நேர வாய்ப்புண்டு. ஆண்டுக்கணக்கில் தணியாத அழற்சி, அந்த வாய்ப்பை ஆண்டுக்கணக்கில் பெருக்குகிறது.

1998 முதல் டி.என்.எஃப். தடுப்பு மருந்துகள் வந்தபோது பழைய அச்சம் புது வடிவில் திரும்பியது. 2002இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கு வந்த அறிக்கைகளில் 26 லிம்ஃபோமா நேர்வுகள் எடுத்துக்காட்டப்பட்டன. ஆனால் 2009இல் ஸ்வீடனிலும் 2017இல் பிரிட்டனிலும் வெளியான பதிவேட்டு ஆய்வுகள், அம்மருந்து பெற்ற முடக்குவாத நோயாளரை அது பெறாத முடக்குவாத நோயாளரோடு ஒப்பிட்டன. கூடுதல் ஆபத்து தென்படவில்லை. ஒப்பீடு யாரோடு என்பதே இங்கு விடையைத் தீர்மானித்தது. இதனால் எல்லாப் புது மருந்துகளுக்கும் நற்சான்று கிடைத்துவிடவில்லை. டோஃபாசிடினிப் மருந்துக்கு 2021இல் புற்றுநோய் எச்சரிக்கை விதிக்கப்பட்டதையும் மறத்தலாகாது.

இந்தியாவில் மெத்தோட்ரெக்சேட் உட்கொள்ளும் பலர், 'இது புற்றுநோய் மருந்தாமே' என்று எவரோ சொல்லக் கேட்டு அஞ்சுகின்றனர். மாத்திரை கண்ணுக்குத் தெரிகிறது. மூட்டுக்குள் புகையும் அழற்சி தெரிவதில்லை. ஆகவே அச்சம் மாத்திரையையே பற்றிக்கொள்கிறது. மருத்துவரைக் கேளாமல் மருந்தை நிறுத்துபவர், லிம்ஃபோமாவிடமிருந்து விலகிச் செல்வதாக எண்ணிக்கொண்டு அதன் திசையிலேயே நடக்கக் கூடும் என்பதே இவ்வரலாறு தரும் எச்சரிக்கை.

இவ்விடையைத் தந்தவை பெரும்பாலும் அன்றாடக் கணக்குக்காக எழுதப்பட்ட ஏடுகளே. இந்தியாவிலும் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1982 முதல் இயங்கி வருகிறது. மூட்டு நோய் மருத்துவமனைகளில் குவிந்துள்ள குறிப்பேடுகளை அப்பதிவேடுகளோடு பொருத்திப் பார்க்கும் பணி விரிந்தால், இந்நாட்டு நோயாளரின் ஐயத்துக்கு இந்நாட்டுத் தரவுகளிலிருந்தே விடை கூற முடியும்.