சூரியப் புள்ளியும் தாது வருடப் பஞ்சமும்

ஆயக்குடி கொய்யாத் தோட்டங்களில் நின்று தெற்கே பார்த்தால், பழனி மலைத்தொடர் ஒரு பெரிய சுவர் மாதிரி நிற்பது தெரியும். தென்மேற்குப் பருவமழையில் பெரும்பகுதியை அந்தச் சுவர் மறித்துவிடுகிறது. அதனால் அடிவாரத்து விவசாயிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆதாரம். வரதமாநதி அணை நிரம்புமா, கிணற்றில் ஊற்று வருமா என்ற கேள்வி வருடா வருடம் வந்து நிற்கும். "இந்த வருடம் மழை எப்படி?" என்று பஞ்சாங்கத்தைப் பார்ப்பவர்களும் உண்டு, டிவியைப் பார்ப்பவர்களும் உண்டு.

அதே மலையின் மேல், 2343 மீட்டர் உயரத்தில், கொடைக்கானல் சூரிய வானாய்வகம் இருக்கிறது. அங்கே 1904-ல் தொடங்கி நூறு வருடத்துக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்களில் பலர் ஏரியையும் தூண் பாறையையும் பார்த்துவிட்டு, இதை எட்டிப் பார்க்காமலே திரும்பி விடுவார்கள்.

சூரியனைப் பார்க்கிற இந்தக் கட்டடத்துக்கும் அடிவாரத்து மழைக்கும் என்ன சம்பந்தம்? "ஒன்றுமில்லை" என்றுதான் சொல்லத் தோன்றும். ஆனால் ஒரு காலத்தில் பெரிய பெரிய அறிவாளிகள் சம்பந்தம் இருக்கிறது என்று உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை எப்படிப் பிறந்தது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்பது சுவையான கதை. அதன் ஆரம்பம் மட்டும் சுவையானது அல்ல.

லட்சக்கணக்கில் சாவு

1876-ல் பருவமழை பொய்த்தது. தமிழ் வருடக் கணக்கில் அது தாது வருடம். 'தாது வருடப் பஞ்சம்' என்று இன்றும் கிராமங்களில் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். மெட்ராஸ் மாகாணம், மைசூர், ஹைதராபாத், பம்பாய் எல்லாம் அடிபட்டன. 1878 வரை நீடித்த இந்தப் பஞ்சத்தில் இறந்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்கிறார்கள். சில கணக்குகள் 80 லட்சத்தையும் தாண்டுகின்றன.

மக்கள் செத்துக்கொண்டிருக்கும்போதே, 1877 ஜனவரி 1 அன்று டெல்லியில் விக்டோரியா மகாராணியைப் பேரரசியாக அறிவிக்கும் தர்பார் கோலாகலமாக நடந்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலியாக ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் (அரைக் கிலோவுக்கும் குறைவு) சில்லறைக் காசும் போதும் என்று குறைத்தார் சர் ரிச்சர்ட் டெம்பிள். இது உயிரைப் பிடித்து வைக்கவே போதாது என்று மெட்ராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்துச் சண்டை போட்டார்.

இந்த நேரத்தில்தான் லண்டனில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு: 'சூரியப் புள்ளிகளும் பஞ்சங்களும்'.

மருந்துக்கடைக்காரர் கண்டுபிடித்தது

சூரியன் மேல் அவ்வப்போது கரும்புள்ளிகள் தோன்றும், மறையும். ஜெர்மனியில் ஹைன்ரிக் ஷ்வாபே என்ற மருந்துக்கடைக்காரர் 1826 முதல் தினமும் அவற்றை எண்ணிக் குறித்து வந்தார். அவர் தேடியது வேறு. புதன் கிரகத்துக்கும் உள்ளே இன்னொரு கிரகம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அது கிடைக்கவில்லை. ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கை ஒரு ஒழுங்கில் கூடிக் குறைகிறது என்பது தெரிந்தது. 1844-ல் அதை வெளியிட்டார். பிறகு ருடால்ஃப் உல்ஃப் பழைய பதிவுகளையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, ஒரு சுற்றுக்குச் சராசரியாக 11 வருடம் என்றார்.

அவ்வளவுதான், உலகமெங்கும் 11-ஐத் தேட ஆரம்பித்துவிட்டார்கள்! புயலில் 11, ஆற்று வெள்ளத்தில் 11, தானிய விலையில் 11...

இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவர் வில்லியம் ஹண்டரிடம் மெட்ராஸ் நகரத்தின் மழைக் கணக்கு 1813-லிருந்து இருந்தது. அதைப் பதினொன்று பதினொன்றாக அடுக்கிப் பார்த்தார். சூரியப் புள்ளி குறைவாக இருக்கும் வருடங்களில் சராசரி மழையும் குறைவாக வந்தது. பஞ்சங்களும் அந்த வருடங்களை ஒட்டியே வருகிற மாதிரி தெரிந்தது. ஹீலியத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான நார்மன் லாக்கியருடன் சேர்ந்து 1877 நவம்பரில் அந்தக் கட்டுரையை எழுதினார்.

இது உண்மையாக இருந்திருந்தால்? அடுத்த பஞ்சம் எப்போது என்று பத்து வருடம் முன்பே சொல்லலாம். தானியம் சேர்த்து வைக்கலாம். லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றலாம். இதை நம்பியவர்களை முட்டாள்கள் என்று சொல்லிவிட முடியாது. நம்பத் தூண்டுகிற நல்ல காரணம் அவர்களிடம் இருந்தது. ஒரு யோசனை எவ்வளவு நல்லது செய்யுமோ, அவ்வளவு சீக்கிரம் அதை நம்பிவிடத் தோன்றும். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

சந்தைக்கும் சூரியன்தானாம்

வணிகவியல் படிப்பவர்களுக்கு இங்கே ஒரு தெரிந்த பெயர் வருகிறது. இறுதிநிலைப் பயன்பாட்டுக் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜெவான்ஸ்! இங்கிலாந்தில் சுமார் பத்து வருடத்துக்கு ஒரு முறை வியாபாரம் படுத்துவிடுகிறது. அதற்குக் காரணம் சூரியன் என்றார் அவர். சூரியன் மாறினால் இந்தியாவில் விளைச்சல் குறையும், இந்தியர் கையில் காசு இருக்காது, லங்காஷயர் துணி விற்காது, லண்டனில் நெருக்கடி வரும். கேட்க எவ்வளவு கச்சிதமாக இருக்கிறது!

ஒரே ஒரு சிக்கல். வியாபார நெருக்கடி சுமார் 10.5 வருடத்துக்கு ஒரு முறை வந்தது. சூரியச் சுற்றோ 11.1 வருடம். இரண்டும் சில சுற்றுகளிலேயே விலகிவிடும். திருவனந்தபுரம் வானாய்வகத்தில் இருந்த ஆலன் புரூன் சூரியச் சுற்று 10.45 வருடம்தான் என்று ஒரு மாற்றுக் கணக்கு சொல்லியிருந்தார். ஜெவான்ஸ் அதைப் பிடித்துக்கொண்டார். கோட்பாட்டுக்கு எந்தக் கணக்கு ஒத்து வந்ததோ அதை எடுத்துக்கொண்டார். பின்னாளில் 10.45 நிற்கவில்லை, 11 வருடம்தான் நின்றது.

ஸ்ட்ரேச்சி போட்ட கணக்கு

சரி, இதை எப்படிச் சோதிப்பது? 1877-லேயே ஒருவர் வழி காட்டினார். ராணுவப் பொறியாளரான ரிச்சர்ட் ஸ்ட்ரேச்சி. ஹண்டர் பயன்படுத்திய அதே மெட்ராஸ் மழைக் கணக்கை எடுத்துக்கொண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்தார்.

அவர் கேட்ட கேள்வியைப் பழனியில் ஒரு கடையை வைத்துப் புரிந்துகொள்ளலாம். மலை அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடம் முழுவதற்கும் சராசரி விற்பனையை வைத்து ஒவ்வொரு மாதத்தையும் ஊகித்தால் நிறைய தவறும். தைப்பூசம், பங்குனி உத்திரம் எல்லாம் ஏறுக்கு மாறாக இருக்கும். ஆனால் தை மாதத்துக்குத் தை மாதச் சராசரி, பங்குனிக்குப் பங்குனிச் சராசரி என்று ஊகித்தால் தவறு சட்டென்று குறையும். அப்படிக் குறைந்தால், கடைக்கு 'சீசன்' இருப்பது உண்மை.

மழைக்கும் இதையே செய்து பார். மொத்தச் சராசரியை வைத்து ஊகித்தால் எவ்வளவு தவறுகிறது? சூரியச் சுற்றில் அது எத்தனையாவது வருடம் என்று பார்த்து ஊகித்தால் எவ்வளவு தவறுகிறது? ஸ்ட்ரேச்சி போட்டுப் பார்த்தார். பெரிய வித்தியாசம் இல்லை. சூரியப் புள்ளி தெரிந்தவனும் தெரியாதவனும் ஏறக்குறைய ஒரே அளவு தவறுகிறார்கள்!

அப்படியானால் ஹண்டருக்குக் கிடைத்த ஏற்ற இறக்கம்? எந்த எண்களை வேண்டுமானாலும் 11 வரிசையில் அடுக்குங்கள். பஸ் டிக்கெட் எண்களாக இருந்தாலும் சரி. 11 சராசரிகளும் ஒன்றாக வராது. ஏதாவது ஒரு வரிசை குறைவாகத்தான் இருக்கும். குறைவாக இருப்பது மட்டும் எதையும் நிரூபிக்காது.

இன்னொரு ஓட்டையும் உண்டு. மெட்ராஸ் நகரத்துக்கு மழை அதிகம் தருவது வடகிழக்குப் பருவக்காற்று. இந்தியாவின் பெரும்பகுதிக்குத் தென்மேற்கு. மெட்ராஸ் மழையை வைத்து நாடு முழுவதற்கும் ஜோசியம் சொல்ல முடியாது. ஒத்து வராத உதாரணத்துக்கும் பஞ்சமில்லை. 1837-38-ல் ஆக்ரா பகுதியில் சுமார் 8 லட்சம் பேரைக் கொன்ற பஞ்சம் வந்தது. 1837-ல் சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்தன!

ஆனாலும் மலையில் கட்டடம் எழுந்தது

நம்பிக்கை அவ்வளவு சீக்கிரம் சாகவில்லை. பஞ்சத்துக்குப் பிறகு, சூரியனை முறையாகக் கவனிக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. மெட்ராஸ் வானாய்வகத் தலைவர் போக்சன் தெற்கு மலைகளில் ஒரு தொலைநோக்கி வேண்டும் என்று 1882-ல் கேட்டார். மெட்ராஸ் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் நீலகிரியிலும் பழனி மலையிலும் இடம் தேடிப் பார்த்தார். கொடைக்கானல் முடிவானது. 1895-ல் கவர்னர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். 1899-ல் வானாய்வகம் இயங்கத் தொடங்கியது.

அங்கே 1907-ல் வந்தவர் ஜான் எவர்ஷெட். 1909 ஜனவரியில் சூரியப் புள்ளிகளின் நிறமாலையை ஆராய்ந்தபோது, புள்ளியின் ஓரப்பகுதியில் வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். வேகம் விநாடிக்குச் சுமார் இரண்டு கிலோமீட்டர். உலகம் முழுக்க சூரிய இயற்பியல் மாணவர்கள் இன்று 'எவர்ஷெட் விளைவு' என்று படிப்பது இதைத்தான். பழனி மலையில் கண்டுபிடிக்கப்பட்டது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வாக்கர் போட்ட பூட்டு

1899-ல் மறுபடி பருவமழை பொய்த்தது. நல்ல மழை வரும் என்று வானிலைத் துறை முன்னறிவிப்புச் செய்திருந்தது! துறையின் பெயர் கெட்டது. 1904-ல் அதன் தலைமைக்கு வந்தவர் கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜ் கணித மேதை, வானிலையில் முன் அனுபவம் இல்லாதவர். கொடைக்கானல் வானாய்வகமும் அவருடைய துறையின் கீழ்தான் இருந்தது.

வாக்கருக்கு எந்தக் கோட்பாட்டின் மீதும் பாசம் இல்லை. இந்திய எழுத்தர்களை வைத்து, உலகின் பல இடங்களின் காற்றழுத்தம், வெப்பம், மழை எல்லாவற்றுக்கும் ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம், எல்லாம் கையால் போட்ட கணக்கு. 1915-ல் சூரியப் புள்ளிக்கும் மழைக்குமான கணக்கை வெளியிட்டார். தொடர்பு மிகச் சிறியது. முன்னறிவிப்புக்கு உதவாது.

அதற்கு முன்பே, 1914-ல், இன்னொரு முக்கியமான எச்சரிக்கையும் கொடுத்தார். நூறு ஜோடிகளைச் சோதித்தால் சில ஜோடிகள் அதிர்ஷ்டத்திலேயே பொருந்தும். 60 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு ஐந்து முறை காசு சுண்டுங்கள். ஓரிருவருக்கு ஐந்தும் தலையாக விழும். அவர்களுக்கு ஏதோ சக்தி இருக்கிறது என்றா சொல்வோம்? பொருந்தியதை மட்டும் காட்டாதே, எத்தனை முறை தேடினாய் என்பதையும் சொல் என்றார் வாக்கர்.

இப்படிச் சலித்துச் சலித்து எடுத்ததில்தான் உண்மையான ஒன்று சிக்கியது. பசிபிக் கடலின் ஒரு பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. தராசு மாதிரி. அதற்குத் 'தெற்கத்திய ஊசலாட்டம்' என்று 1920-களில் பெயர் வைத்தார். 1969-ல் பியர்க்னஸ் அதை எல் நினோவுடன் இணைத்து விளக்கினார். இன்று பருவமழை அறிவிப்பில் எல் நினோ என்று கேட்கிறோமே, அதன் வேர் இது. தாது வருடப் பஞ்சத்தின்போது பசிபிக்கில் இருந்தது, பதிவிலேயே மிகப் பலமான எல் நினோக்களில் ஒன்று. வானத்தில் தேடிய விடை கடலில் இருந்தது!

மழை பொய்த்தால் பஞ்சம்தானா?

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது. எல் நினோ மழையை நிறுத்தியது சரி, 50 லட்சம் பேரைக் கொன்றதும் அதுதானா? அதே காலத்தில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை ஏற்றுமதி நிற்கவில்லை. மெட்ராஸ் துறைமுகத்தில் அரிசி வந்து இறங்கியது. ஆனால் வாங்கக் கூலிக்காரன் கையில் காசு இல்லை. விலையில் தலையிடக்கூடாது என்பது அரசின் கொள்கை. உணவு இல்லாததால் மட்டும் அல்ல, இருக்கிற உணவை வாங்க முடியாததாலும் பஞ்சம் வரும் என்று அமர்த்தியா சென் 1981-ல் எழுதிய புத்தகம் விளக்கியது.

சூரியன்தான் காரணம் என்றால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோட்பாட்டைச் சந்தேகிக்க இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? அந்தக் கோட்பாட்டைச் சந்தேகித்த ஸ்ட்ரேச்சியே 1878-ல் அமைந்த பஞ்சக் கமிஷனுக்குத் தலைவரானார். 1880-ல் வந்த அதன் அறிக்கையிலிருந்துதான், பஞ்ச காலத்தில் அரசு என்ன செய்யவேண்டும் என்ற விதிமுறைகள் பிறந்தன.

இன்றைக்கும் சூரியனுக்கும் பருவமழைக்கும் மெல்லிய தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்பவர்கள் உண்டு. ஒரு சுற்றில் சூரிய ஆற்றல் மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். ஆராயட்டும், தவறில்லை. அவர்களுக்கும் கொடைக்கானல் படங்கள் உதவும். தவறான நம்பிக்கையோடு தொடங்கினாலும், ஒழுங்காகக் குறித்து வைத்தது வீண் போகவில்லை.

அடுத்த முறை பஞ்சாங்கத்தில் 'இத்தனை மரக்கால் மழை' என்று படிக்கும்போதோ, "அறுபது வருடத்துக்கு ஒரு முறை இப்படித்தான் நடக்கும்" என்று வாட்ஸ்அப்பில் வரும்போதோ, கோபப்படவும் வேண்டாம், கும்பிடவும் வேண்டாம். ஒரு நோட்டில் வருடம் போட்டு எழுதி வையுங்கள். பலித்ததையும் எழுதுங்கள், பலிக்காததையும் எழுதுங்கள். பஞ்சாமிர்தக் கடைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஷ்வாபே பதினேழு வருடம் எழுதிய பிறகுதான் வாயைத் திறந்தார்!